சைக்கிள் மிசிக்கு நான் பிரேக்

பிரேக் இல்லாத சைக்கிளை ஓட்டியவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பிரேக்கை, "இது எதுக்குலா, சும்மா கனம்" என்று சொல்லிக் கழற்றி, ரப்பர் காட்டுக்குள் வீசி எறிந்த மனிதப் பிறவி இந்த நாட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. அந்தப் பிறவியின் பின்சீட்டில் ஒன்றரை வருடம் உட்கார்ந்து போய்விட்டு, இன்று உங்கள் முன்னால் கை கால் முழுசாக இருந்து இதை எழுதுகிறேன் என்றால் அது சாதாரண விஷயமில்லை.

அவர் ஒரு பெண்மணி. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கிற நர்ஸ். நர்ஸை மிசி என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே அவர் சைக்கிள் மிசி. சொந்தப் பெயர் என்ன, எந்த ஊர், யாருக்குப் பிறந்தவர் என்று யாருக்கும் தெரியாது. நாற்பது வயதிருக்கும். நல்ல கனத்த உடம்பு. வெள்ளைச் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஆண்கள் ஓட்டுகிற உயரமான சைக்கிளில் அவர் மலையிறங்கி வருவதைப் பார்த்தால், ஒரு சலவைக்கடை பறந்து வருவதுபோல இருக்கும்.

பிரேக்கை ஏன் கழற்றினீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதில் தோட்டம் முழுக்கப் பிரசித்தம்.

"புள்ள வர்ற நேரத்துல பிரேக்கு புடிச்சா நிக்குமா? அப்புறம் நான் மட்டும் எதுக்கு நிக்கணும்?"

எங்கள் தோட்டம் மலாய் நாட்டில், சிரம்பானிலிருந்து கோலா பிலாவுக்குப் போகிற மலைப்பக்கம் இருந்தது. ஆபீஸிலிருந்து கிளம்பி, மலையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் ஆபீஸுக்கே வந்து சேர்கிற ஒரு ரோடு உண்டு. சுத்து ரோடு என்போம். இடது பக்கமாகப் போனால் மெதுவான ஏற்றம். முதலில் கீழ் டிவிசன் (தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவும் ஒரு டிவிசன்), அப்புறம் ஆற்றோரத்தில் ஆத்து டிவிசன். வலது பக்கமாகப் போனால் செங்குத்தான ஏற்றம். நேரே உச்சியில் மலை டிவிசன். அங்கிருந்து சரசரவென்று இறங்கினால் அதே ஆத்து டிவிசன். வெள்ளைக்கார துரை தன் துரைசானி காரில் போய் இயற்கைக் காட்சி பார்ப்பதற்காகப் போட்ட ரோடு என்று சொல்வார்கள். உச்சியில் ஒரு சிமென்ட் பெஞ்சுகூட இருந்தது. உட்கார்ந்தால் கீழே ரப்பர் மரங்கள் சீப்புப் பல்லுப்போல வரிசை வரிசையாகத் தெரியும். அதற்கப்பால் மலாய்க்காரர்களின் நெல் வயல்கள். வானம் தெளிந்திருந்தால் வெகுதூரத்தில் வெள்ளிக் கம்பிபோல ஒரு கோடு தெரியும். அது போர்ட்டிக்சன் கடல் என்று மிசி சொல்வார். அது மேகம் என்று நான் சொல்வேன். இந்த வழக்கு கடைசிவரை தீரவில்லை.

ஜப்பான்காரன் வந்ததும் துரையும் துரைசானியும் ஓடிப்போனார்கள். ரோடு மட்டும் எங்களுக்கு மிஞ்சியது.

நான் அப்போது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சின்ன வாத்தியார். வயது இருபத்திரண்டு. தலையில் எண்ணெயும் மனதில் கௌரவமும் நிறைய வைத்திருந்த காலம். ஜப்பான்காரர்கள் என்னைச் சிரம்பானுக்குக் கூட்டிப்போய் மூன்று மாதம் நிப்பொங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, சொல்லிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். எல்லா டிவிசனுக்கும் போய்ப் பெரியவர்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்று உத்தரவு. எப்படிப் போவது? தோட்டத்தில் இருந்த சைக்கிள்களை எல்லாம் பட்டாளம் பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. ஆஸ்பத்திரி சைக்கிள் ஒன்றுதான் மிச்சம். அதை எடுக்க வந்த சிப்பாய்கள், பிரேக் இல்லையென்று பார்த்துவிட்டு வேண்டாமென்று போட்டுவிட்டுப் போனார்களாம்.

ஆபீஸில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு செய்ங்க தம்பி. மிசி பின்னால உக்காந்து போய்ட்டு வந்துருங்க."

"பொம்பளை பின்னாலயா? நான் வாத்தியார் சார்!"

வெளியே சைக்கிளோடு நின்றிருந்த மிசிக்கு இது கேட்டுவிட்டது.

"ஏறுறதா இருந்தா ஏறுங்க வாத்தியாரே. இல்லாட்டி நடங்க. மலை அங்கேயேதான் இருக்கும், ஓடிறாது."

ஒரு நாள் நடந்து பார்த்தேன். மறுநாள் ஏறிவிட்டேன்.

அந்தச் சைக்கிளைப் பற்றிச் சொல்ல வேண்டும். டயர் எங்கேயும் கிடைக்காத காலம். சுற்றிலும் எங்கே பார்த்தாலும் ரப்பர் மரம், ஆனால் ஒரு சைக்கிளுக்கு டயர் கிடையாது! மிசி அசரவில்லை. புகைபோட்ட ரப்பர் ஷீட்டுகளைக் கயிறுபோல முறுக்கி, சக்கரத்தில் சுற்றி, கம்பியால் கட்டிவிட்டார். காலையில் கல் மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழியும் முதுகெலும்பு வழியாக மண்டைக்கு ஏறும். மத்தியான வெயிலில் அதுவே இளகிப் பிசுபிசுவென்று ஆகிவிடும். ரோட்டில் கிடக்கிற இலை, குச்சி, கோழி இறகு எல்லாவற்றையும் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு தடவை யாரோ காயப்போட்டிருந்த கைக்குட்டையையும் சேர்த்து எடுத்து வந்துவிட்டது. அதைக் காயப்போட்ட அம்மாள் டிவிசன் எல்லைவரை விரட்டிக்கொண்டு ஓடிவந்தார். மிசியால் நிறுத்த முடியவில்லை. "நாளைக்குக் கொண்டாறேன்!" என்று கத்திக்கொண்டே போனார்.

இறக்கத்தில் எப்படி நிறுத்துவார் என்று கேட்பீர்கள். நான் வரும்வரை மேடான புல்தரையாகப் பார்த்து ஏற்றிவிடுவாராம். நான் வந்த பிறகு அந்தக் கஷ்டம் இல்லாமல் போயிற்று.

"வாத்தியாரே, காலைப் போடுங்க!"

அவ்வளவுதான். நான் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்க்க வேண்டும். பழைய லாரி டயரில் வெட்டிய செருப்பு என்னுடையது. அதிலிருந்து புகை வரும். ஏற்றத்திலோ நான் இறங்கிப் பின்னாலிருந்து தள்ள வேண்டும். அவர் இறங்க மாட்டார். "நான் மிதிக்கிறேன்ல, நீங்க சும்மாதானே வர்றீங்க?" என்பார். ஆக ஏற்றத்தில் நான் இஞ்சின், இறக்கத்தில் நான் பிரேக். நடுவில் கொஞ்சம் சமதரை வரும். அங்கே மட்டும்தான் நான் வாத்தியார்.

அந்தச் சமதரையில் என் வித்தையைக் காட்டுவேன். ஜப்பான் பாஷையில் எழுத்து எப்படி ஆரம்பிக்கிறது தெரியுமா மிசி, அ இ உ எ ஒ!

"அட, நம்ம ஆனா ஆவன்னாதான். பாதியத்தான் தூக்கிட்டுப் போயிருக்கான். மீதியையும் கேட்டு வரப்போறான், பத்திரமா வைங்க."

மணி கிடையாது. குரல்தான் மணி. அதிலும் வெறுமனே "வழி விடு" என்று கத்துவது அவருக்குப் பிடிக்காது. செய்தியும் சேர்த்துத்தான் போகும். "ஏய், தள்ளு தள்ளு! மாரியாயிக்கு ஆம்பளப் புள்ள! ஆடு குறுக்கால வருது, புடி!" என்று ஒரே மூச்சில் கத்திக்கொண்டு போவார். தோட்டத்தில் பிறப்புச் செய்தி இப்படித்தான் பரவியது. சில நேரம் குழந்தையின் அப்பனுக்கே ரோட்டில் வைத்துத்தான் தெரியும்.

மலை டிவிசன் கங்காணிக்கு மட்டும் இவரைக் கண்டால் ஆகாது. பெரிய முண்டாசு, பெரிய மீசை. பொம்பளை சைக்கிள் ஏறினால் மரத்தில் பால் வற்றிப்போகும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு நாள் அவர் மருமகளுக்கு இடுப்புவலி எடுத்தது. மிசி ஆத்து டிவிசனில் இருந்தார். கங்காணி முண்டாசு அவிழ அவிழ மலையிறங்கி ஓடிவந்தார்.

"மிசி, சீக்கிரம்!"

"நான் வந்தா பால் வத்திப்போகுமே கங்காணியாரே?"

"எந்த எழவோ வத்தட்டும் தாயி, ஏறு!"

அன்று சைக்கிளை நானும் கங்காணியும் சேர்ந்து மலையேற்றித் தள்ளினோம். மிசி ராணிமாதிரி மேலே உட்கார்ந்து, "கங்காணியார் பக்கம் கொஞ்சம் சாயுதே, நல்லாத் தள்ளுங்க" என்று மேற்பார்வை செய்துகொண்டு வந்தார். பேரக்குழந்தை பிறந்தது. பால் வற்றியதாகத் தகவல் இல்லை.

மருந்தெல்லாம் தீர்ந்துபோன பிறகு வெந்நீரும் வசவும்தான் அவருடைய வைத்தியம். வலியில் கத்துகிற பெண்ணைப் பார்த்து, "கத்து, நல்லாக் கத்து, ஒன் புருசன் காதுல விழணும்" என்பார். அவர் கையில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பெயர், டேய். மீசை முளைத்தவனும் டேய்தான்.

இனி பங்களாவில் குடியேறிய ஜப்பான்காரனுக்கு வருவோம். அவனுக்கு வட்டமான தடித்த கண்ணாடி. அதனால் கண்ணாடித் துரை. ஒரு நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்தான். மேட்டில் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆபீஸுக்கு நல்ல இறக்கம். மிசியின் சைக்கிளைத் தட்டிப் பார்த்தான். தான் ஓட்டிப் பார்க்கப்போவதாகச் சைகை காட்டினான்.

மிசி பதறிப்போனார். "வாத்தியாரே, பிரேக்கு இல்லன்னு சொல்லுங்க!"

பிரேக்குக்கு ஜப்பான் பாஷையில் என்ன? மூன்று மாதப் படிப்பில் அது வரவில்லை. நிற்பது, நிற்காதது, சைக்கிள், கை என்று எனக்குத் தெரிந்த சொற்களை எல்லாம் கொட்டினேன். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கைப்பிடியை அமுக்கிக் காட்டி, "புரேக்கி?" என்றான்.

பிரேக்குக்கு ஜப்பான் பாஷையிலும் பிரேக்குதான்! எனக்கு உயிர் வந்தது. ஆமாம் என்பதற்கு அவர்கள் பாஷையில் ஹாய். "ஹாய், புரேக்கி!" என்றேன்.

"புரேக்கி... நாய்?"

நாய் என்றால் அவர்கள் பாஷையில் இல்லை என்று அர்த்தம். நானும் பலமாகத் தலையாட்டி, "நாய், நாய்!" என்றேன்.

மிசியின் முகம் சிவந்துவிட்டது. "என்ன வாத்தியாரே, அவன் நாய்ங்கிறான், நீங்களும் சேந்துக்கிட்டு நாய்ங்கிறீங்க? யாரை?"

நான் அதற்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவன் ஏறிவிட்டான். தன் ஊரும் மலை ஊர்தான், பிரேக் எல்லாம் பொம்பளைக்குத்தான் என்கிற மாதிரி ஏதோ சொன்னான். பாதி இறக்கம்வரை நன்றாகத்தான் போனான். ஆபீஸைத் தாண்டியும் நிற்கவில்லை. பெரிய கிராணி எழுந்து நின்று குனிந்து வணக்கம் போட்டார். அவர் நிமிர்வதற்குள் துரை பால் கொட்டகையையும் தாண்டி, ரப்பர் பால் கழிவுத்தண்ணீர் தேங்கி நிற்கிற பள்ளத்தில் இறங்கிவிட்டான். அந்தத் தண்ணீரின் நாற்றத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. பத்திரிகை ஆசிரியர் கோபித்துக்கொள்வார்.

வேலையாட்கள் அத்தனை பேரும் உறைந்து நின்றார்கள். ஒரு சிரிப்பு வெளியே வந்தால் ஒரு தலை போகும் என்று எல்லாருக்கும் தெரியும். மிசிதான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். தோளைப் பிடித்து வெளியே இழுத்துவந்தார். அவன் கையில் வெட்டுக்காயம், ரத்தம் வடிந்தது.

"சொன்னாக் கேக்கிறதில்ல! மாடு மாதிரி வளந்திருக்கே, புத்தி இருக்கா? கைய நீட்டு. அந்தக் கை இல்லடா, இந்தக் கை!"

அவன் நீட்டினான். நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, அந்த அம்மாள் என்ன சொல்கிறாள் என்று கேட்டான்.

"நீங்கள் மிகவும் தைரியசாலி என்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

அவன் சிரித்தான். வாய்விட்டே சிரித்தான். பிறகு என்னைப் பளாரென்று ஓர் அறை விட்டான். எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை. மொழிபெயர்ப்பு பிடிக்கவில்லையோ என்னவோ. ஆனால் மறுநாளே மிசிக்குச் சிவப்பு எழுத்துப் போட்ட கைப்பட்டை ஒன்று வந்தது. அதைக் கட்டிக்கொண்டு போனால் எந்தச் சிப்பாயும் சைக்கிளைத் தொட மாட்டான்.

அந்தக் கைப்பட்டையையும் சிரிப்பையும் வைத்து, இவன் கொஞ்சம் நல்லவன்தான் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். சில மாதம் கழித்து ஒரு காலையில் அந்த நினைப்பு போயிற்று.

சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆள் பிடிக்கிறார்கள், போனவர்கள் திரும்புவதில்லை என்று பக்கத்துத் தோட்டங்களிலிருந்து செய்தி வந்துகொண்டிருந்தது. அன்று என்னை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் ஒரு லாரி, அடுப்புக்கரிப் புகையில் ஓடுகிற லாரி. துப்பாக்கியோடு சிப்பாய்கள். கண்ணாடித் துரை என்னிடம் நிதானமாகச் சொன்னான்: லாரி இடதுபக்கமாகச் சுத்து ரோட்டில் போகும், ஒவ்வொரு டிவிசனிலும் ஆண்களை ஏற்றும், நீயும் ஏறு, மூன்று மாதம்தான், மொழிபெயர்க்க ஆள் வேண்டும்.

பெரிய கிராணி தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது மிசி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து ஆபீஸ் படியருகே நின்றார். லாரியைப் பார்த்தார். சிப்பாய்களைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வாத்தியாரே, மலை டிவிசன்ல பிரசவம், உடனே போகணும்னு அவன்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். துரை போகலாமென்று கையைக் காட்டினான். மிசி நகரவில்லை.

"வாத்தியாரும் வரணும்னு சொல்லுங்க."

"மிசி, நான் எதுக்குன்னு கேப்பானே?"

"பிரேக்கு வேணும்னு சொல்லுங்க. அன்னைக்கு நீ ஏன் விழுந்தே? பின்னால பிரேக்கு இல்ல, அதான் விழுந்தேன்னு சொல்லுங்கலா! சொல்லுங்க!"

ஒரு மனிதன் தன் உயிருக்குத் தானே வாதாடுவது உண்டு. அதை மூன்று மாதம் படித்த பாஷையில் செய்தவன் நான். என் வாயில் இலக்கணம் எதுவும் வரவில்லை. என் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, "வதாஷி... புரேக்கி" என்றேன். நான் பிரேக். காலைத் தூக்கித் தரையில் தேய்த்தும் காட்டினேன். செருப்பைக் கழற்றித் தேய்ந்துபோன அடிப்பக்கத்தையும் காட்டினேன்.

துரை செருப்பை வாங்கிப் பார்த்தான். அந்தப் பள்ளத்தின் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அவன் உதடு லேசாகத் துடித்தது. ஆத்து டிவிசனுக்கு லாரி வரும்போது அங்கே ஏறிக்கொள் என்றான்.

நாங்கள் வலதுபக்கம் திரும்பினோம். அந்த ஏற்றத்தை வாழ்நாளில் அவ்வளவு வேகமாக நான் தள்ளியதில்லை. அன்று மட்டும் மிசியும் இறங்கித் தள்ளினார். மலைக்கு அந்தப் பக்கத்தில் கரி லாரி இருமுவது கேட்டுக்கொண்டே இருந்தது. கீழ் டிவிசனில் அது நின்றதும் கேட்டது. அதற்குப் பிறகு கேட்ட சத்தங்களை எழுத வேண்டாம்.

மலை டிவிசனுக்குள் நுழைந்ததும் மிசி தொண்டையைத் திறந்தார்.

"பிரசவம்! பிரசவம்! ஆம்பளைங்க ஒருத்தரும் வீட்டுல இருக்கக்கூடாது! எல்லாரும் காட்டுக்குள்ள போங்க!"

முண்டாசுக் கங்காணி ஓடிவந்தார். "எந்த வீட்டுல மிசி?"

"எல்லா வீட்டுலயும்!"

கங்காணி ஒரு கணம் வாயைப் பிளந்து நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அடுத்த நிமிஷம் அந்த மீசைக்காரர் வீடு வீடாகப் போய் ஆண்களைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தார்.

நாங்கள் நிற்கவில்லை. உச்சியிலிருந்து ஆத்து டிவிசனுக்கு இறக்கம். மிசி சொன்னார்: "வாத்தியாரே, இன்னைக்குக் காலைப் போடாதீங்க."

காலைத் தூக்கிக்கொண்டேன். கண்ணையும் மூடிக்கொண்டேன். காற்று காதைப் பிய்த்தது. வளைவுகளில் நாங்கள் திரும்பினோமா, ரோடு திரும்பியதா என்று தெரியவில்லை. மிசி மட்டும் நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருந்தார், "பிரசவம்! பிரசவம்! எல்லா வீட்டுலயும்!" ஆத்து டிவிசனில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளிலிருந்து ஆண்கள் பின்பக்கமாகக் குதித்து ஆற்றைத் தாண்டி ஓடினார்கள்.

கடைசி வீடு தாண்டும்போது, "குதிங்க!" என்றார்.

"நீங்க?"

"நான் லாரிய நிறுத்திட்டு வாறேன். குதிங்கலா!"

குதிக்க நேரம் கொடுக்கவில்லை. முழங்கையால் ஓர் இடி. நான் லாலாங் புல்லில் உருண்டேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது வெள்ளைச் சேலை மட்டும் இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிரே வளைவில் கரி லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. மிசி கைப்பட்டையை அசைத்துக்கொண்டு, கைப்பிடியை ஒடித்து, லாரிக்கு நேர் முன்னால் சைக்கிளோடு விழுந்தார்.

லாரி நின்றது. ஏற்றத்தில் ஒரு தடவை நின்ற கரி லாரி லேசில் கிளம்பாது. சிப்பாய்கள் இறங்கி அவரையும் சைக்கிளையும் இழுத்துப்போட்டுவிட்டு, அடுப்பைக் கிளறி, விசிறி, மறுபடியும் கிளப்புவதற்குள் நாங்கள் எல்லாரும் காட்டுக்குள் வெகுதூரம் போய்விட்டோம்.

அப்புறம் நடந்ததை மற்றவர்கள் சொல்லிக் கேட்டேன். சிப்பாய்கள் ஆத்து டிவிசனில் நுழைந்தால், வீட்டுக்கு வீடு முனகல். "ஐயோ அம்மா" என்று ஒரு பக்கம், "மிசி, வந்துருச்சு" என்று இன்னொரு பக்கம். பேரன் எடுத்த கிழவி ஒருத்தி எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினாளாம். முழங்கை சிராய்த்து ரத்தம் வழிய மிசி அந்த வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் நொண்டி நொண்டி ஓடி, "வெந்நி கொண்டா, துணி கொண்டா" என்று அதட்டிக்கொண்டிருந்தாராம். ஒரு சிப்பாய் சந்தேகப்பட்டு ஒரு கதவைத் தள்ளினான். அந்த வீட்டில் மட்டும் நிஜமாகவே பிள்ளை பிறந்துகொண்டிருந்தது. அவன் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டான். அதற்கப்புறம் எந்தக் கதவையும் யாரும் தள்ளவில்லை. மலை டிவிசனிலும் இதே கச்சேரிதான்.

மறுநாள் கண்ணாடித் துரை ஆஸ்பத்திரிக்கு வந்தான். மிசி கட்டுப்போட்ட கையோடு நின்றிருந்தார். அவன் அவருக்கு முன்னால் வந்து, ஒரே ஒரு சொல் கேட்டான்.

"புரேக்கி?"

மிசிக்குத் தெரிந்த ஜப்பான் பாஷையும் ஒரே ஒரு சொல்தான்.

"நாய்" என்றார்.

இரண்டு கன்னத்திலும் அறைந்தான். கைப்பட்டையைப் பிடுங்கினான். சைக்கிளை லாரியில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நான் மலைக்கு அப்பால் ஒரு மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், பாக்சிக் என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு மலாய்ப் பெரியவர் வீட்டில், மரவள்ளி நட்டுக்கொண்டு ஒளிந்திருந்தேன். கண்ணாடித் துரையை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகுதான் திரும்பினேன். மிசி இளைத்துப்போயிருந்தார். சுத்து ரோடு முழுக்க இப்போது நடைதான்.

"நடக்கிறதும் நல்லதுதான்லா. பிரேக்கு ஆள் தேவையில்ல" என்றார்.

கீழ் டிவிசனிலிருந்து போனவர்களில் சிலர்தான் திரும்பினார்கள். அந்த லாரி வந்துபோன பிறகு, எந்த டிவிசனுக்குப் போனாலும், மிசி காலையில் முதலில் கீழ் டிவிசனுக்குத்தான் போவார். பிரசவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போவார். ஒரு நாள் உச்சியில் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து அவித்த மரவள்ளி தின்றுகொண்டிருந்தோம். அவர் திடீரென்று, "ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல போக முடியலையே வாத்தியாரே" என்றார். அன்று கடலா மேகமா என்ற வழக்கை நாங்கள் எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. புது துரை வந்தான். மிசிக்குப் புதுச் சைக்கிள் வந்தது. பளபளவென்று இரண்டு பிரேக், மணி, விளக்கு. தோட்டமே வேடிக்கை பார்க்கக் கூடியது. ஆஸ்பத்திரி இறக்கத்தில் கிளம்பினார். பாதியில் ஏதோ ஆசையில் பிரேக்கை அமுக்கிப் பார்த்திருக்கிறார் போலிருக்கிறது. சைக்கிள் அங்கேயே நின்றுவிட்டது. மிசி நிற்கவில்லை. சற்றுத்தள்ளி ரோட்டோரம் உட்கார்ந்த கோலத்தில் இறங்கினார். எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு, "ஸ்பானர் இருக்கா?" என்று கேட்டார்.

எனக்குக் கோலா பிலாவில் கலியாணம் நடந்தது. என் அப்பா கெமாஸில் ரயில்வே வேலை. அங்கிருந்து சொந்தக்காரர்கள் ஒரு ரயில் பெட்டி நிறைய வந்திறங்கி முன்வரிசையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டப்போகிற நேரம். வாசலில் ஒரே கூச்சல். "தள்ளு தள்ளு" என்ற குரல், பந்தல்கால் ஒன்று ஆடுகிற சத்தம், சமையல்காரர் யாரையோ திட்டுகிற சத்தம். சற்று நேரத்தில் முழங்கால்வரை செம்மண்ணோடு மிசி உள்ளே வந்தார். யாரையும் கேட்கவில்லை. முன்வரிசையில் என் பெரியப்பாவை, "கொஞ்சம் நகருங்க" என்று நகர்த்தி, நடுவில் உட்கார்ந்துகொண்டார். மஞ்சள் அரிசியைக் கை நிறைய அள்ளிக்கொண்டு, ஐயரைப் பார்த்து, "ம், ஆகட்டும்" என்றார்.

தாலி கட்டி முடித்து மாலையைச் சரிசெய்கிற சாக்கில் என் மனைவி குனிந்து மெல்லக் கேட்டாள்.

"யாருங்க அவங்க? நமக்கு என்ன முறை?"

அக்காவா, அத்தையா, சின்னம்மாவா என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எதுவும் அளவுக்குச் சரியாக வரவில்லை.

"நம்ம மிசி" என்றேன்.